நடுவுல இருக்கிறவன்

ஜெயில் வார்டர் பொண்டாட்டி கடைப்படி ஏறினாலே பெரியவனுக்கு வயிறு எரியும். அந்தப் பொம்பளை அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, பாவம். தலையணை வாங்க வந்தவள், பேச்சுக் கொடுத்துப் பழகி, வாரம் தவறாமல் வந்து போகிறவளாகிவிட்டாள். எவ்வளவு பெரிய மனுஷன் மெத்தைக்குச் சொல்ல வந்தாலும், 'இருங்க, இந்த வரிசை முடியட்டும்' என்று தைத்துக்கொண்டே இருக்கிறவள் அம்மா. இவள் தலையைக் கண்டால் மட்டும் ஊசியைப் பாதித் தையலில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போடுவாள். டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழும்.

"அவன் எப்படி இருக்கான்?" என்பாள் அம்மா, வந்தவள் மூச்சு விடுவதற்குள்.

அவன் என்றால் லாரிக்காரன். ஜெயிலில் தூக்குக்குக் காத்திருக்கிறவன். அம்மாவின் இளைய மகனைக் கொன்றவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சின்னவன் சாப்பிட்டுவிட்டு மூட்டை தூக்குகிற ரெண்டு பேரோடு பஞ்சுக் குடோனில் படுத்துக் கிடந்தபோது, வெளியே கதவைத் தாழ் போட்டுத் தீ வைத்தான். லோடு தாமதமாக வந்தது என்று முந்தின நாள் சின்னவன் அவனை நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தான். அந்த அறைக்குப் பதில் இது. பஞ்சு எரிய எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று பேரும் போய்விட்டார்கள்.

"பல்லு வலியாம்க்கா" என்றாள் வார்டர் பொண்டாட்டி. "ரொட்டிய டீயில நனைச்சு நனைச்சுத்தான் திங்கறானாம்."

"எந்தப் பக்கம்?"

"என்னது எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கத்துப் பல்லு?"

"அதைக் கேக்கலியேக்கா."

"ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தா முழுசாக் கேட்டுட்டு வர மாட்டியா?" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

பெரியவன் பஞ்சு அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மூக்கையும் வாயையும் சுற்றித் துணி. புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத் தூசி. அன்றைக்குக் காலையில்தான் மெஷின் பல்லில் மாட்டி அவன் ஆள்காட்டி விரல் கிழிந்திருந்தது. அம்மாவிடம் காட்டினான். பார்த்தாள். 'பஞ்சுல ரத்தம் படாமப் பாத்துக்க' என்றாள். அவன் பெண்டாட்டிதான் கட்டுப் போட்டுவிட்டாள். இப்போது எவனோ ஒருத்தனுக்கு எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று தெரியாமல் அம்மாவுக்கு டீ இறங்கவில்லை.

வார்டர் பொண்டாட்டி போவதற்குமுன் ரெண்டு சேதி சொன்னாள். ஒன்று, லாரிக்காரனின் கருணை மனு கடைசியாக விசாரணைக்கு வருகிறது, செத்தவர்கள் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். இன்னொன்று, ஜெயில் ஆஸ்பத்திரிக்கு மெத்தை வேண்டுமாம், இந்தக் கடையைத்தான் அவள் புருஷன் சொல்லியிருக்கிறான்.

"அந்த வேலை நமக்கு வேணாம்" என்றான் பெரியவன், முகத்துத் துணியை இறக்கி.

"எடுத்துக்கறோம்னு சொல்லு" என்றாள் அம்மா, அவன் பேசவே இல்லை என்பதுபோல.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவன் பெண்டாட்டி சோற்றைப் போட்டு, பொரித்த மீனை ஓரமாக வைத்தாள். அவளுக்கு நாக்குக் கொஞ்சம் கூர்மை. ஆனால் நியாயமான நாக்கு.

"நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அத்தைக்கு மூணு பிள்ளைங்க. செத்தவர் ஒருத்தர். சாகப்போறவன் ஒருத்தன். நடுவுல நீங்க ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு அதான் குறை."

"வாயைக் கழுவு. அவன் எங்கம்மாவுக்குப் பிள்ளையா?"

"பிள்ளைக்கு மேல. என் புருஷனுக்கு மீன்ல எந்தத் துண்டு பிடிக்கும்னு அத்தையக் கேளுங்க பாப்போம். அவனுக்கு என்ன பிடிக்கும்னா உடனே சொல்லுவாங்க. அவிச்ச முட்டை, மஞ்சக்கரு வேகாம."

அவன் மீனைத் தொடாமல் எழுந்து கை கழுவினான். ஏனென்றால் அவள் சொன்னது உண்மை.

ஆரம்பத்தில் அம்மா இப்படி இல்லை. கோர்ட்டில் வழக்கு நடந்த காலத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, கூண்டில் நிற்கிறவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் இளைத்தானா, தூங்கினானா, முகத்தில் பயம் இருக்கிறதா. பயம் இருந்தால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள். தீர்ப்பு வந்து அவன் ஜெயிலுக்குள் போனபிறகு பார்க்க வழியில்லை. அப்போதுதான் வார்டர் பொண்டாட்டி கிடைத்தாள். 'தூங்குறானா?' என்று கேட்பாள் அம்மா. 'இல்லைக்கா, ராத்திரியெல்லாம் நடக்கிறானாம்' என்றால், 'நடக்கட்டும்' என்று ஊசியை இழுப்பாள்.

பெரியவனும் அப்போது சந்தோஷப்பட்டான். தம்பியைக் கொன்றவன்தானே. ஆனால் ஒரு வருஷம் லாரிக்காரனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பிழைப்பானா என்றே தெரியவில்லை என்றாள் வார்டர் பொண்டாட்டி. அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. தைத்த தையலையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். 'போனாப் போறான், விடும்மா' என்று பெரியவன் சொன்னதற்கு, 'காய்ச்சல்ல போயிட்டா? அப்புறம் நான் எதுக்குடா காத்திருந்தேன்? அவன் நல்லா இருக்கணும். நல்லா இருந்து, கயித்துலதான் போகணும்' என்று எரிந்து விழுந்தாள். காய்ச்சல் விட்டது என்று சேதி வந்த அன்றைக்குத்தான் குளித்துத் தலைவாரிக்கொண்டாள். அந்த வருஷமே பெரியவனும் காமாலையில் படுத்தான். அவன் பெண்டாட்டியும் அவளைப் பெற்றவளும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா வாசலில் நின்று, 'மஞ்சள் இறங்கிடுச்சா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செத்தவன் கண்ணு செந்தாமரைக் கண்ணு என்பார்கள். தம்பிமேல் அம்மாவுக்கு இருந்த பிரியத்தைப் பெரியவன் சின்ன வயசிலேயே ஜீரணித்துக்கொண்டான். சின்னவன் சிரித்துப் பேசுகிறவன், வாசலில் போகிறவனைக் கூப்பிட்டு மெத்தை விற்றுவிடுவான். அவனைப் பிடிக்காதவர்கள் யார்? பெரியவனுக்கே பிடிக்கும். ஆனால் அவன் போனபிறகு காலியான இடத்தில் நாம் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தானே, அந்த இடத்தில் இந்தக் கொலைகாரப் பயல் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தூக்குக்குப் போகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் உண்டா?

மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் மெத்தைக் கடை பாதிக் கடைதான். பஞ்சு ஈரத்தை இழுத்துக்கொண்டு மெஷினில் சுற்றிக்கொள்ளும். அப்போதுதான் வக்கீலம்மா வந்தாள், லாரிக்காரனுக்காக வாதாடுகிறவள். தாய்மாமனும் அன்றைக்குக் கடையில் இருந்தார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டம் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு உண்டு.

"குடையை வெளியில வைம்மா" என்றாள் அம்மா. "பஞ்சு நனைஞ்சிடும்."

வக்கீலம்மா குடையை வெளியே சாத்தினாள். மரியாதையான பெண். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மற்ற ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் போடு என்கிறார்கள், ஒரு வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். மிச்சம் இருப்பது அம்மாவின் வார்த்தைதான். அம்மா வேண்டாம் என்றால் அவன் உயிர் தப்பும், ஆயுள் முழுக்க உள்ளேயே கிடப்பான்.

மாமா வாதத்துக்குக் கிளம்பிவிட்டார். "அதெப்படிம்மா? மூணு உசுரை எடுத்தவனுக்கு மூணு வேளை சோறு. அதுவும் நம்ம பணத்துல."

"சோத்துச் செலவுதான் கணக்குன்னா, ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கிற கிழங்களை என்ன சார் பண்றது?"

"கிழங்க யாரையும் கொளுத்தலையே! ஒருத்தனைத் தூக்குல போட்டாத்தான் இன்னொருத்தனுக்குப் பயம் வரும்."

"அவன் தாழ் போட்டப்பவும் தூக்குத் தண்டனை இருந்துச்சு சார். பயந்தானா? அந்த நேரத்துல அவனுக்குக் கன்னம் எரிஞ்சது மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

"கன்னம் எரிஞ்சா குடோனை எரிப்பானா?"

"சரின்னு நான் சொல்லலையே. கொடுமைதான். கொல்றது தப்புன்னு சொல்லிட்டு, அதையே நாமளும் நாள் குறிச்சு, டாக்டரை வெச்சு, கதவைச் சாத்திட்டுச் செய்யறோமேன்னுதான் கேக்கறேன். அவனாவது கோபத்துல செஞ்சான்."

"நல்ல கதை! அப்ப செத்தவனுக்கு யாரு பேசறது?"

"தப்பான ஆளைப் போட்டுட்டா? திருப்பி எடுக்க முடியுமா?"

"இவன்தான் ஒத்துக்கிட்டானே."

"இவன் ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டவங்க எல்லாரும் செஞ்சவங்கதானா? நீங்க கோர்ட்டுலயே இருந்தவரு. உங்களுக்குத் தெரியாததா நான் சொல்லிடப் போறேன்?"

மாமா மூட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்து உருட்டினார். எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தலையணை வாங்க வந்து அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர், "ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் இருக்கு. இந்தத் தலையணைதான் உயரம் ஜாஸ்தி, கழுத்து வலிக்கும்" என்றார். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் மாறிட்டாம்மா. செடிக்குத் தண்ணி ஊத்துறான், படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுறான். போன தடவை உங்களைப் பத்திக் கேட்டான்."

நூல் நின்றது. "என்னைப் பத்தியா? என்ன கேட்டான்?"

"'அந்த அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?'ன்னான். நீங்க கோர்ட்டுப் படி ஏற முடியாம நிப்பீங்களாமே, அவன் போலீஸ் வண்டியில இருந்து பாத்திருக்கான்."

"அவன் யாரு என் மூட்டைப் பத்திக் கேக்கறதுக்கு?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள். "வலது காலா, இடது காலான்னு கேட்டானா?"

பெரியவன் அந்த முழங்காலையே பார்த்தான். அந்த முழங்காலுக்குத் தினமும் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிடுகிறவன் யார்? மழை நாளில் துணியைச் சூடு பண்ணிச் சுற்றிவிடுகிறவன் யார்? ஒருநாளாவது 'போதும்டா, கை வலிக்கும்' என்று அவள் சொன்னதுண்டா? எங்கேயோ கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்டானாம், இவள் முகம் என்னமாய் மாறுகிறது!

"மாமா சொல்றதுதாம்மா சரி" என்றான், சத்தமாக. "போடட்டும். போட்டாத்தான் இந்த வீட்டுக்கு விடிவு."

வக்கீலம்மா அவனைப் பார்த்தாள். "உங்க தம்பிமேல உங்களுக்கு ரொம்பப் பாசம்னு தெரியுது" என்றாள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அவன் தம்பியை நினைத்துச் சொல்லவில்லை.

மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. பஞ்சையெல்லாம் மொட்டை மாடியில் காயப்போட்டு, குச்சியால் அடித்துக் கிளறி, ஜெயில் ஆஸ்பத்திரி வேலையில் இறங்கினார்கள். ஜெயிலுக்கு மெத்தை என்றால் எல்லாக் கடையிலும் கழிவுப் பஞ்சுதான், கொட்டையும் தூசியுமாக. அளவுக்குத் திணித்துத் தைத்துக் கொடுத்தால் ஆயிற்று. பெரியவன் அப்படித்தான் செய்தான். ஆனால் ஒரு மெத்தையை மட்டும் அம்மா தனியாக எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க எதையோ பொறுக்கினாள்.

பெரியவனுக்கு உள்ளுக்குள்ளே ஒரு குதூகலம். கிழவி கொட்டையையும் கல்லையும் பொறுக்கி அதில் போடுகிறாள், லாரிக்காரன் படுத்தால் முதுகு தேயட்டும் என்று. எந்தக் கட்டிலுக்கு எந்த மெத்தை போகும் என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் அவனிடமே சேர்க்கும்படி வார்டரிடம் சொல்லி வைத்திருப்பாள். 'அடடா, பழைய அம்மா திரும்பி வந்துட்டா' என்று பெண்டாட்டியிடம்கூடச் சொன்னான்.

சாயங்காலம் அம்மா முகம் கழுவப் போன சமயம் அவன் அந்த மெத்தையின் ஓரத் தையலைக் கொஞ்சம் விலக்கிக் கையை விட்டான். விட்ட கை அப்படியே நின்றது. முதல் தரமான பஞ்சு. அதிலும் ஒரு கொட்டை, ஒரு தூசி இல்லை. அத்தனையும் கையால் பிரித்துப் பிரித்துப் போட்டது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அம்மா இப்படி மெத்தை தைத்துக் கொடுத்ததில்லை. அவன் மகள் படுக்கிற மெத்தை, பழைய மிச்சத்தையெல்லாம் அடைத்தது. நடுவில் பள்ளம் விழுந்து, பிள்ளை உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும்.

அவன் யோசிக்கவே இல்லை. மெத்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகத் தன் அறைக்குப் போனான். மகளின் மெத்தையை எடுத்து ஜெயில் உறையில் போட்டு, அவசர அவசரமாகத் தைத்து, அடுக்கில் நடுவே செருகிவிட்டான்.

பெண்டாட்டி புது மெத்தையில் கையை ஊன்றிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் படுத்தே பார்த்தாள். "ஏங்க, தப்புங்க இது."

"எது தப்பு? என் அம்மா கையால தைச்சது என் பிள்ளைக்கு வரக்கூடாதா?"

"வரலாம். திருடிட்டு வரணுமா?" என்றவள், எழுந்திருக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் படுத்திருந்தாள். "ஆனா சும்மா சொல்லக்கூடாது. சாகப்போறவனுக்கு இவ்வளவு சொகம் எதுக்கு?"

மறுநாள் வண்டியில் ஏற்றுவதற்குமுன் அம்மா அடுக்கின்மேல் கையை ஓட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நடுவிலிருந்ததைத் தொட்டதும் இழுத்துக் கீழே போட்டாள்.

"இது என் கை இல்ல. என் மெத்தை எங்கடா?"

"எல்லாம் நம்ம கடை மெத்தைதான்."

"எங்கடான்னு கேக்கறேன்ல?"

"உன் பேத்தி படுத்துத் தூங்குறா. போய்ப் பிடுங்கிட்டு வா."

வண்டிக்காரன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"அவனுக்கு முதுகுல வலிடா" என்றாள் அம்மா கடைசியில். "தரையில படுத்துப் படுத்து. எழுந்திருக்கறதுக்கே கையை ஊனறானாம்."

"கயித்துக்குப் போறவனுக்கு முதுகு எதுக்கும்மா?"

"அதுவரைக்கும் இருக்கணும்ல?"

"எனக்கு இல்லையா முதுகு? விடிஞ்சா அடைஞ்சா மூட்டை தூக்கறேனே, ஒருநாள் கேட்டிருக்கியா? விரலு கிழிஞ்சு நின்னேன், பஞ்சுல ரத்தம் படக்கூடாதுன்ன. அவன் பொறந்த நாளு உனக்குத் தெரியும். நான் எப்பப் பொறந்தேன், சொல்லு பாப்போம்."

"ஏன் தெரியாம? நல்ல மழையில பொறந்த. கூரை ஒழுகிச்சு."

"அது சின்னவன். நான் கோடையில பொறந்தேன். பொறந்த உடனே எனக்கு அம்மை போட்டுச்சுன்னு நீயே சொல்லியிருக்க."

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. பிறகு, "உனக்கென்னடா, நீதான் இருக்கியே" என்றாள்.

இருக்கிறதுதான் அவன் செய்த குற்றம். மெத்தையை அவனே போய் எடுத்து வந்து வண்டியில் ஏற்றினான். மகள் அழுதாள்.

விசாரணைக்குப் போகிற அன்றைக்கு அவன் கடையைப் பூட்டிவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டான். அம்மா 'போடுங்க' என்றுதான் சொல்லப்போகிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. எத்தனை வருஷமாக 'கயித்துலதான் போகணும், கயித்துலதான் போகணும்' என்று சொல்கிறவள்! இன்றோடு முடிந்தது. அந்தப் பயல் போய்விட்டால் வார்டர் பொண்டாட்டிக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை. அம்மா கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒருநாள் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். பார்த்தால் எதிரே அவன் இருப்பான். இதற்காகத்தான் ஒருத்தன் சாக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அது பாவம் என்று தெரியும். தெரிந்தும் ஆசை போகவில்லை.

விசாரணை நடக்கிற அலுவலகம் மாடியில். அம்மா அவன் தோளைப் பிடித்துப் படிப்படியாக ஏறினாள். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் நரைத்த தலையோடு விசாரணைக் குழுத் தலைவர். ஒரு ஓரமாக வக்கீலம்மா. இன்னொரு ஓரத்தில் மாமா, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே நுழைந்ததும் நாற்காலி நாற்காலியாகத் தேடினாள்.

"அவன் வரலையா?"

"அவரைக் கூட்டிட்டு வர்ற வழக்கம் இல்லைம்மா" என்றார் தலைவர். "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அம்மா முகம் விழுந்துவிட்டது. பார்க்கலாம் என்று நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியவன் அதைக் கவனித்தான். பக்கத்து நாற்காலியில், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தலைவர் பொறுமையான மனுஷன். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள், எது சொன்னாலும் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். "அவருக்குத் தண்டனையை நிறைவேத்தணுமா, வேணாமா? உங்க மனசுல என்ன இருக்கு?"

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"வேணாம்யா" என்றாள். "போட வேணாம்."

மாமா, "அக்கா!" என்றார். வக்கீலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்றார் தலைவர் மெதுவாக.

அம்மா கையை உருவிக்கொண்டாள். "யாரு? நானா? அந்தப் படுபாவியையா? என் பிள்ளைய உருத்தெரியாம எரிச்சவனை நான் மன்னிப்பேனா? சாகற வரைக்கும் மாட்டேன். அவன் நாசமாப் போகணும். கண்ணு அவியணும்."

அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்வதை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு விழித்தான்.

"அப்புறம் எதுக்கும்மா வேணாங்கறீங்க?"

"எட்டு வருஷமாய்யா" என்றாள் அம்மா. குரல் உடைந்தது. "காலையில எழுந்ததும் அவன் நினைப்பு. படுத்தா அவன் நினைப்பு. தின்னானா, தூங்கினானா, என்ன பண்றான். என் பிள்ளையக் கடைசியா உசுரோட பாத்தது யாரு? அவன்தானே? என் பிள்ளை சத்தம் போட்டதைக் கடைசியாக் கேட்டது அவன் காதுதானே? அவனையும் கொன்னுட்டீங்கன்னா நான் யாரைய்யா நினைச்சுக்கிட்டு இருப்பேன்? அவனும் போயிட்டா எனக்கு வேற யாருய்யா இருக்கா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவர் பார்வை பக்கத்து நாற்காலிக்கு வந்தது.

"இவரு யாரும்மா?"

"இவனா?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். "இவன் பெரியவன். துணைக்கு வந்தான்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தலைவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அம்மா சொன்னதை வெச்சுத்தான் நாங்க முடிவு பண்ணுவோம்" என்றார் பெரியவனிடம். "அது மாறாது. தண்டனை குறைஞ்சிடும்னுதான் வெச்சுக்கங்க. இருந்தாலும் நீங்க அண்ணன். உங்களையும் கேக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியவன் எழுந்து நின்றான். பை மடியிலிருந்து கீழே விழுந்தது. சரி, அம்மா இஷ்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நல்ல பிள்ளை என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நாற்பது வயசு வரைக்கும் அவன் அந்த நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான்.

"போடுங்கய்யா" என்றான். "அவனைத் தூக்குல போடுங்க. இன்னிக்கே போடுங்க. என் கையில கயித்தைக் குடுத்தா நானே போடறேன்."

அம்மா திரும்பினாள். உடம்போடு திரும்பினாள். அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள். கூண்டில் நின்றவனை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். அவள் கண்ணில் தீ இருந்தது. பெரியவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் எங்கே திரும்பிக்கொண்டுவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

"நீ என் வயித்துல பொறந்தவனாடா?" என்றாள்.

"பொறந்தவன்தாம்மா" என்றான் பெரியவன். "இப்பத்தான் உனக்கு ஞாபகம் வந்துச்சா?"